மகனோடு பேசுகிற அப்பா

அருப்புக்கோட்டை உரக்கடையில் யூரியா மூட்டைக்கும் பூச்சிமருந்துக்கும் நடுவே இருபது வருஷமாக நிற்கிற தனுஷ்கோடிக்கு ஒரே ஒரு பெருமை. அவர் தன் மகனோடு பேசுகிறவர். பருத்திக்கு மருந்து வாங்க வந்தவர்கள்கூட இதைக் கேட்டுவிட்டுத்தான் மருந்தோடு போக முடியும்.

காரணம் அவருடைய அப்பா கோட்டைச்சாமி. நரிக்குடிப் பக்கம் ஆடு மேய்த்தவர். ஆடுகளிடம் நாள் முழுக்கப் பேசுவார், மகனிடம் பேசமாட்டார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, கைக்கெட்டும் தூரத்தில் தனுஷ்கோடி நிற்க, "அவன் பாஸாண்டு கேளு" என்று அம்மாவிடம்தான் சொன்னார். அவளும் திரும்பி மகனைக் கேட்டுவிட்டு, "பாஸாம்" என்று ஒப்பித்தாள். டவுனில் தங்கி மேலே படிக்க ஆசைப்பட்டபோதும் மனு அதே வழியாகத்தான் போனது. "வேணாண்டு சொல்லு" என்று பதில் வந்தது. ஏன் வேண்டாம் என்று இன்றுவரை தெரியாது. அது தனுஷ்கோடிக்கு இன்னமும் வலிக்கிறது.

ஆகவே விஜயபாண்டி பிறந்ததும் சபதம் எடுத்தார், இவனோடு நண்பன் மாதிரி பேசுவதென்று. பேசினார். சாயங்காலம் வீடு வந்து கால் கழுவி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். கெட்ட சகவாசம், லட்சியம், அப்பாவிடம் எதையும் மறைக்கக் கூடாது என்கிற நட்பிலக்கணம். "மனசுல உள்ளதச் சொல்லுப்பா" என்பார். பையன் வாயைத் திறப்பதற்குள் அதையும் அவரே சொல்லிவிடுவார். கொஞ்ச நாளாக, பைக் சத்தம் கேட்டதும் பையன் கக்கூஸுக்குள் போய்விடுகிறான். வயிற்றுக் கோளாறு என்று நினைத்த தனுஷ்கோடி, கதவுக்கு வெளியே நின்று நார்ச்சத்தைப் பற்றிப் பேசினார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையனுக்கு இன்ஜினியரிங்தான் உயிர் என்பதையும் இப்படி அவரேதான் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை மதுரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. கடையில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

ஞாயிறு காலை, காலேஜ் வாழ்க்கையைப் பற்றித் தொடங்கத் தொண்டையைச் செருமினார். ஓரடி தள்ளி நின்ற விஜயபாண்டி, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தங்கலட்சுமியைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, அப்பாகிட்டச் சொல்லு. எனக்கு இன்ஜினியரிங் வேணாம். ஐ.டி.ஐ.ல ஏ.சி. மெக்கானிக் படிக்கப் போறேன். நாளையோட அப்ளிகேஷன் முடியுது."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஐ.டி.ஐ.க்குப் போறானாம்."

தனுஷ்கோடிக்குச் சுரீர் என்றது. லட்சியமும் நார்ச்சத்தும் எங்கே போயினவோ. வாயே திறக்காத கோட்டைச்சாமி எந்த இடத்தில் நின்றாரோ, அதே இடத்துக்கு இவர் பேசிப் பேசியே வந்து சேர்ந்திருக்கிறார். அழுகை வரும் போலிருந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

"போகச் சொல்லு" என்றார், அவளிடம்தான்.

அவள் கடமை தவறாமல் மகன் பக்கம் திரும்பினாள். அதற்குள் அவன் அப்பாவை நேராகப் பார்த்தான்.

"அப்ளிகேஷன் குடுக்க நீங்களும் வாரீகளாப்பா?"

"வாரேன்."

மேற்கொண்டு, கரண்டில் கை வைக்கும்போது எப்படி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதில் தொடங்கிச் சொல்வதற்கு அவரிடம் ஏராளமாக இருந்தது. வாயைத் திறந்தார். தங்கலட்சுமி அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.