செல்லூர் மாடியில் உலகம் நடத்தியவர்

வசுமதி அவர்கள் இறந்துபோன செய்தி எனக்குப் பிரபுவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் வந்தது. பழங்காநத்தத்தில் உள்ள என் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு பெரியவருக்குப் புது ஃபிரேமை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் வசுமதி அவர்களும் பிரபுவும் சேர்ந்து நிற்கும் பழைய படம். ஓரத்தில் பிரபுவின் யூடியூப் சேனல் முத்திரை. மேலே ‘என் குருவே, போய்விட்டீர்களா’ என்று எழுதி, கண்ணீர் விடும் பொம்மைகள் வரிசையாக. அதற்குக் கீழே ஒரு வரி: ‘முழு வீடியோ இன்று மாலை. மறக்காமல் பாருங்கள்.’

ஒரு சாவுச் செய்தியைப் படித்ததும் முதலில் துக்கம் வர வேண்டும். எனக்கு வந்தது அருவருப்பு.

உடனே தனத்துக்குப் போன் செய்தேன். தனம் சமயநல்லூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்ப்பவர். வசுமதி அவர்கள் ஞாயிறுதோறும் எங்களுக்கு நடத்திய ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர்.

“உண்மைதாண்ணே,” என்றார். “காலைல கடையில சேலை மடிச்சிக்கிட்டு இருந்தவங்க அப்பிடியே சாஞ்சிட்டாங்களாம். மூளையில ரத்தக்கசிவா இருக்கும். கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” பிறகு கேட்டார்: “அந்த நாயி ஸ்டேட்டஸ் போட்டிருக்கே, பாத்தீங்களாண்ணே?”

பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வசுமதி அவர்களை அறியாதவர்கள் அந்த வீடியோவைப் பார்த்து அவரை அறிந்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அருவருப்போடு எழுதப்படும் அஞ்சலி அழகாக இருக்காது என்று தெரியும். ஆனால் எதையும் பூசி மெழுகிச் சொல்வதை அவர் விரும்பியதில்லை.

அவரை நான் முதன்முதலில் சந்தித்தது என் கடையில்தான். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்று வந்தார். வழக்கமான எழுத்து அட்டையை நீட்டினேன். அதைப் பார்க்காமல், கைப்பையில் இருந்து எதையோ எடுத்து மேசையில் உருட்டினார். நெல்லிக்காய் அளவில், இருபது பக்கங்கள் கொண்ட ஒரு பகடை.

“இதுல விழுற நம்பர் எனக்குச் சரியாத் தெரியணும் சார். மத்ததெல்லாம் மங்கலாத் தெரிஞ்சாக்கூடப் பரவால்ல,” என்றார்.

“இது என்ன தாயக்கட்டைங்க மேடம்?”

“ஞாயித்துக்கெழமை மத்தியானம் செல்லூருக்கு வாங்க, காமிக்கிறேன். உங்களுக்கு வேலை இல்லாட்டி.”

எனக்கு வேலை இருந்தது. இருந்தும் போனேன்.

வசுமதி அவர்கள் செல்லூரின் சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சில வருடங்கள் பெங்களூரில் வேலை பார்த்தபோது இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். தந்தையின் நோய்க்காக ஊர் திரும்பியவர், தந்தை போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. கீழே தம்பி குடும்பம், மாடியில் அவர். சுற்றிலும் விசைத்தறிகள் ஓடும் சத்தத்துக்கு நடுவேதான் எங்கள் ஆட்டம் நடந்தது.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்காருவோம். ஆளுக்கொரு கற்பனை மனிதர். தனம் ஒரு வில்லாளி. நான் ஒரு கிழட்டு மருத்துவச்சி. பிரபு ஒரு போர்வீரன். அந்த மனிதர்களின் பெயரும் பலமும் பலவீனமும் ஓர் அட்டையில் இருக்கும். ஆட்டத்தை நடத்துபவர் ஒரு உலகத்தைச் சொல்லச் சொல்ல, அதற்குள் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். எங்களைத் தவிர அந்த உலகத்தில் இருக்கிற அத்தனை பேராகவும் பேச வேண்டியவர், நடத்துகிறவர். அது வசுமதி அவர்கள்; அவருக்கு ‘நடத்துநர்’ என்று பெயர் வைத்தோம். “அப்ப எல்லாரும் உள்ள தள்ளி ஒக்காருங்க,” என்று சொல்லித்தான் அவர் ஒவ்வொரு ஞாயிறும் தொடங்குவார்.

இங்கிலீஷ் புத்தகங்களில் இந்தக் கதைகள் மதுக்கடையில் தொடங்குமாம். “நம்மூர்ல ஒயின்ஷாப்ல ஆரம்பிச்சா சண்டதான் வரும், சாகசம் வராது,” என்று சொல்லி, எங்கள் கதையை ஒரு பாழடைந்த சத்திரத்தில் தொடங்கினார். அவர் உலகத்தில் வற்றிப்போன ஓர் ஆறு இருந்தது. ஆற்று மணலுக்குக் கீழே ஒரு நகரம் இருந்தது. அந்த நகரத்து மக்கள் அவருடைய வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசினார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் அது வாழ்த்தா மிரட்டலா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை, சாக்கடைக்குள் வாழும் ஓர் அரசனைப் பற்றி அவர் சொன்ன விதத்தில், தட்டில் இருந்த வடையை யாரும் தொடவில்லை. “வாசனைய சொல்லிட்டா போதும், மிச்சத்த நீங்களே பாத்துக்குவீங்க,” என்பார்.

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சூதாட்டம் என்று புகார் கொடுத்து, ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் மாடி ஏறி வந்தார். ஒரு பெண் தனியாக இருக்கும் மாடிக்கு ஆண்கள் வந்து போகிறார்கள் என்பதுதான் உண்மையான புகார். அதை எழுதிக் கொடுக்கத் தைரியம் இல்லாதவர்கள் பகடையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“இதுல யாரு ஜெயிக்கிறது?” என்று கேட்டார் போலீஸ்காரர்.

“யாரும் ஜெயிக்க மாட்டாங்க சார்.”

“பின்ன எதுக்கும்மா ஆடுறீங்க?”

“கதை எங்க போகுதுன்னு பாக்கத்தான்.”

அவர் எங்கள் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். பகடையை ஒருமுறை உருட்டியும் பார்த்தார். “சத்தம் கம்மியா வச்சிக்கங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தத் தெருவில் நாகரிகமாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

இனி பிரபு. கலகலப்பாகப் பேசுவான். வசுமதி அவர்கள் அவன்மேல் பிரியமாக இருந்தார். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து ஆட்டத்தைப் படம் எடுப்பான்; “எனக்கு மட்டும் பாக்கத்தாங்க்கா” என்பான். நாங்கள் நம்பினோம்.

ஒரு ஞாயிறு, எங்கள் கதையில் ஓர் அரக்கி வந்தாள். நாங்கள்தான் அதற்கு முந்தைய வாரம், ஊருக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு கண்மாயை உடைத்துவிட்டிருந்தோம். அதன் அடியில் அவள் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவள் கரையில் நின்று குழந்தையைக் கேட்டாள். வசுமதி அவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்து நின்று, அந்த அரக்கியாகக் கத்தினார். அப்படி ஒரு குரல் அந்த மெலிந்த உடம்பில் இருந்ததை நான் அதுவரை அறியவில்லை. தினமும் சாவைப் பார்க்கிற தனம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்தக் கத்தலை மட்டும் வெட்டி எடுத்து, மேசையும் பகடையும் நாங்களும் தெரியாதபடி, ‘செல்லூரில் பேய் பிடித்த பெண்’ என்று தலைப்பு வைத்துப் போட்டான் பிரபு.

அது ஊர் முழுக்கப் பரவியது. டீக்கடைகளில் சத்தமாக வைத்துக் கேட்டார்கள். பின்னணியில் உடுக்கைச் சத்தம் சேர்த்தார்கள். அவருடைய உறவினர்களின் குழுவிலேயே அது வந்தது. அத்தை முறை உள்ள ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். பள்ளித் தாளாளர் அவரைக் கூப்பிட்டு, “பிள்ளைங்க வந்து போற எடம் மேடம். இனிமே இதெல்லாம் செய்ய மாட்டேன்னு மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துருங்க,” என்றாராம்.

“நான் செஞ்சது என்னன்னு நீங்க பாக்கவே இல்லையே சார்,” என்றிருக்கிறார் வசுமதி அவர்கள். எழுதிக் கொடுக்கவில்லை. வேலை போனது.

வீட்டில் அதைவிடக் கேவலம். தம்பி மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, அவரை மாடியை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேசரியும் பஜ்ஜியும் மேலே கொடுத்தனுப்பினார்களாம். அவர் அதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். “அரக்கிக்குப் படையல் வச்சிட்டாங்க.” நாங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிரபு எதுவும் நடக்காதது போல வந்து உட்கார்ந்தான்.

“எடுத்துப் போட்டது நீதானே?” என்று கேட்டார்.

“ஃபன்னுக்குத்தாங்க்கா போட்டேன். இம்புட்டு வைரல் ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

“ஆகணும்னுதானே போட்ட?”

தனம் பொறுக்கமாட்டாமல், “அக்கா, மொதல்ல இவன் வீரனைக் கொல்லுங்க,” என்றார். நானும் அதைத்தான் விரும்பினேன். அவன் வீரன் ஏதாவது ஒரு பள்ளத்தில் விழுந்து அசிங்கமாகச் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வசுமதி அவர்கள் மறுத்துவிட்டார். “ஆளு மேல இருக்கிற கோவத்த அட்டை மேல காட்டக்கூடாது தனம். அந்த வீரன் என்ன தப்பு செஞ்சான்?” பிறகு, அந்தப் போர்வீரன் ஆற்றைக் கடந்து தன் ஊருக்குத் திரும்புவதை நிதானமாகச் சொன்னார். அவன் காப்பாற்றிய ஊர்க்காரர்கள் கரைவரை வந்து வழியனுப்பினார்கள். சொல்லி முடித்ததும் பிரபுவைப் பார்த்து, “அவன் கதை முடிஞ்சிருச்சு. இனி நீ வராத தம்பி,” என்றார்.

“பெரிய மகாராணின்னு நெனப்பு,” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனான். அந்த வார்த்தையைச் சொன்ன வாய்தான் இன்று குருவே என்கிறது.

வசுமதி அவர்களின் தம்பி, வெளியாட்கள் மேலே வராதபடி மாடிப்படிக் கதவைப் பூட்டிவிட்டதால் ஆட்டம் என் கடைக்கு மாறியது. வசுமதி அவர்கள் உறவினர் ஒருவரின் சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஞாயிறு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். ஆனால் ஆட்டம் முன்பு மாதிரி இல்லை. அரசன், திருடன், பூதம் எல்லோரும் ஒரே அடங்கிய குரலில் பேசினார்கள். வெளியே யாராவது நடந்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். அந்தப் பயத்தை அவர் தொண்டைக்குள் வைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.

இப்படிப் பல மாதங்கள் போன பிறகு, ஒருநாள் எங்கள் கதை மறுபடியும் அந்தக் கண்மாய்க்கரைக்கு வந்தது. என் மருத்துவச்சி, அரக்கியிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். “அவ எங்க இருக்கா மேடம்? கூப்பிட்டுப் பாக்குறேன்,” என்றேன். வசுமதி அவர்கள் கையில் இருந்த பகடையை ஓரமாக வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுந்தார்.

முழுக் குரலில் கத்தினார். அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. எதிர் டீக்கடைக்காரர் ஷட்டருக்கு அடியில் குனிந்து, “பாய், என்னாச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லண்ணே,” என்றார் வசுமதி அவர்கள், மூச்சு வாங்க. “அரக்கி பேசிக்கிட்டிருக்கா. நாலு டீ குடுத்து விடுங்க.”

நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். நாலாவது டீ யாருக்கு என்று தனம் கேட்டபோது, “அவளுக்குத்தான், தொண்டை வறண்டிருக்கும்ல,” என்று சொல்லி அதையும் அவரே குடித்தார். அன்றைக்குப் பிறகு அவர் குரல் மறுபடி அடங்கவில்லை.

சாவு வீட்டுக்கு நானும் தனமும் போனோம். சேர்களில் உறவினர்கள் உட்கார்ந்து, கல்யாணம் செய்து வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் தம்பி நின்றிருந்தார். சட்டையில் சின்ன மைக் குத்தியிருந்தது. எதிரே ஸ்டாண்டில் போன். பின்னால் பிரபு.

“எங்க அக்கா பெரிய திறமைசாலி,” என்று சொல்லிக்கொண்டிருந்தார் தம்பி. “நாங்க குடும்பமே அவங்களுக்கு சப்போர்ட்டா இருந்தோம்.”

படியில் இருந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாமா என்று தோன்றியது. பிரபு என்னைப் பார்த்துவிட்டான். “அண்ணே, நல்லவேளை வந்தீங்க. அக்காவைப் பத்தி ரெண்டு வார்த்த. அப்பிடியே அந்த அரக்கி மாதிரி ஒரு தடவ பேசிக் காட்டுங்கண்ணே, நல்லா இருக்கும்.”

நான் உள்ளே போனேன். அங்கே கண்டதை எழுதவே கை கூசுகிறது. ஐஸ்பெட்டிக்குள் கிடந்த வசுமதி அவர்களின் விரல்களுக்கிடையில், கடையில் புதிதாக வாங்கிய பளபளக்கும் வண்ணப் பகடைகள் செருகப்பட்டிருந்தன. வீடியோவின் முகப்புப் படத்துக்காக. கூட நின்ற உறவினர் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

தனம் பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறக்கச் சொன்னார். தொழில் பழக்கத்தோடு ஒவ்வொரு விரலாகப் பிரித்து, அந்தப் பகடைகளை எடுத்தார். கையை நேராக வைத்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். வெளியே வந்து அவற்றைச் சாக்கடையில் போட்டார்.

“என்னக்கா, நான் காசு குடுத்து வாங்குனது,” என்றான் பிரபு.

“செத்த பெறகும் அவங்களுக்கு வேசம் கட்டிப் பாக்குறியே, நீயெல்லாம் சோறு திங்கிறியாடா?” என்றார் தனம். தெருவே கேட்டது. அதையும் அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு வந்தது. சொல்லிவைக்காமலே தனம் கடைக்கு வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினேன். அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். கடைசி ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் மணலுக்குக் கீழே, ஒரு பெரிய கல் கதவின் முன்னால் நின்றிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் எங்கும் எழுதி வைப்பதில்லை. மனதில்தான் வைத்திருப்பார்.

“நான் கதவத் தள்ளுறேண்ணே,” என்றார் தனம்.

“நானும் கூடத் தள்ளுறேன்மா,” என்றேன்.

உள்ளே என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டியவர் இல்லை. தனம் என்னைப் பார்த்தார். அதைச் சொல்வது என் வேலை அல்ல. ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

வசுமதி அவர்களே, நீங்கள் குரல் கொடுத்த அத்தனை பேரோடும் நிம்மதியாக இருங்கள். இங்கே நாங்கள் கதவைத் தள்ளிவிட்டு நிற்கிறோம்.