பாண்டியில் ஒரு மேடு தேடினேன்

இன்று மூலக்குளத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காருக்குப் பின்பக்க பிரேக் பேட் மாற்றக் கொடுத்தேன். இழுக்கிற ஹேண்ட் பிரேக் இதில் கிடையாது. பட்டனை அமுக்கினால் ஒரு மோட்டாரே பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பை மாட்டி அந்த மோட்டாரைத் தளர்த்தாமல் பேட் மாற்றினால் மோட்டார் போய்விடும் என்று படித்திருந்தேன்.

நானும் மனைவியும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

“லேப்டாப் போட்டீங்களா?”

“போட்டாச்சு சார்,” என்றார் மெக்கானிக்.

லேப்டாப் மேசையில் மூடிக் கிடந்தது. அதன் மேல் அவருடைய சாப்பாட்டு கேரியர்.

“மேட்டுல வண்டி நிக்குமா?”

“பாண்டியில ஏது சார் மேடு?”

இது ஒரு பதிலா?

நேராக அரியாங்குப்பம் பாலத்துக்கு விட்டேன். ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, பட்டனை அமுக்கிவிட்டு, பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தேன். வண்டி அசையவில்லை.

“அதான் நிக்குதே, வூட்டுக்குப் போலாங்க,” என்றாள் மனைவி.

“இப்ப நிக்குது.”

இப்போது வீட்டு வாசலில், பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். எங்கள் தெரு சமதரைதான், தெரியும். சிரிக்கிறவர்கள், அந்த லேப்டாப் திறந்திருந்ததை யாராவது பார்த்ததுண்டா என்று சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.