நின்றபடி ஸ்கேன் எடுத்துக்கொண்ட மணல்

நாற்பத்தேழு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவன் நான். தார்போலக் கெட்டியான கச்சா எண்ணெய் ஊறிய மணலுக்குள் கரைப்பான் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பது ஆராய்ச்சி. கோயம்புத்தூரில் எண்ணெய்க் கிணறு கிடையாது. அதனால் போட்டியும் கிடையாது.

கருத்த மணலுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. எனவே கண்ணாடிக் குழாயில் அதை அடைத்து, மேலே கரைப்பான் ஊற்றி மூடி, பீளமேட்டில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு எடுத்துப்போவேன். கரைப்பான் இறங்கிய இடம்வரை படம் நிறம் மாறியிருக்கும். மறுவாரம் அதே குழாயை மறுபடி எடுத்தால் வேகம் தெரியும். குழாய் மட்டும் சாயக் கூடாது. சாய்ந்தால் கரைப்பான் ஒரு பக்கமாக ஓடிவிடும். முதல் இரண்டு குழாய்களையும் நானே சாய்த்திருந்தேன். மிச்ச எண்ணெயில் மூன்றாவது ஒன்றுதான் தேறியது. அதுவும் போனால் பட்டமும் போகும்.

டர்க்கி டவலில் சுற்றி, சீட் பெல்ட் போட்டு அதைக் கூட்டிவந்து, வரிசையில் காத்திருந்தேன். வாட்ச்மேன் வந்தார்.

"ஏனுங்க, ஆம்புலன்ஸ மறிச்சு காரு நிறுத்துனது யாருங்க?"

நான்தான்.

பக்கத்து நாற்காலி அம்மாள் கை நீட்டினார். "குடுங்க, நான் வெச்சுக்கறேன்."

"சாய்ச்சுபோடாதீங்க."

"உள்ள என்னங்க?"

"மணலுங்க."

"மணலுக்கா ஸ்கேனு?" என்றவர், குழாயை வாங்கி மடியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

காரை நகர்த்திவிட்டு ஓடிவந்தால் அம்மாளைக் காணோம். ஸ்கேனுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். அவர் அடுத்தவரிடம், அவர் அதற்கடுத்தவரிடம் என்று குழாய் கடைசி நாற்காலிக்குப் போய்விட்டிருந்தது. அங்கே, சிறுநீரகக் கல்லுக்காக வந்த ஒருவர் அதை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைதான் சாய்ந்திருந்தது. நான் குழாயைத் தொட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சாய்க்கப்படாதுன்னு சொல்லீருக்காங்க."

"என்னோடதுதானுங்க."

"யாரோடதா இருந்தாலும் சாய்க்கப்படாதுங்க."

எல்லோரும் படுக்கிற இடத்தில் என் குழாய் நின்றபடி ஸ்கேன் எடுத்துக்கொண்டது. படத்தில் நிறம் மாறிய கோடு ரசமட்டம் வைத்ததுபோல் நேராக இருந்தது.

என் வழிகாட்டி என்னைவிடப் பத்து வயது இளையவர். படத்தை வெகுநேரம் பார்த்தார். "எந்த ஸ்டேண்டுல வெச்சீங்க சார்? அடுத்த வாரமும் அதையே வெச்சுக்குங்க."

ஸ்கேன் சென்டரில் அந்தக் குறட்டைக்காரரை விசாரித்தேன். கல் விழுந்துவிட்டதாம். இனி வரமாட்டாராம்.