ஸ்டெல்லாவின் சக்கரங்கள்

எங்கள் லாஸ்பேட்டை சைக்கிள் குழுவில் ஸ்டெல்லாதான் எப்போதும் முதலில் வருவாள். அவளுடைய உயரமான ரிம் கொண்ட கார்பன் சக்கரங்களைப் பார்த்தாலே எனக்குப் புகையும். பந்தயத்துக்காக உதிரிச் சக்கரங்கள் வாங்கப் போனேன். எடை, அகலம், பக்கக்காற்று என எல்லாவற்றையும் ஒப்பிட்டேன். உயர ரிம் காற்றில் ஆடும் என்று தெரிந்தும் அவளுடையதைப் போலவே வாங்கினேன்.

பந்தயத்தன்று கடற்காற்று பலமாக அடித்தது. ஸ்டெல்லாவோ என் பழைய சக்கரங்களைப் போலத் தாழ்ந்த ரிம் மாட்டியிருந்தாள்.

“என்னடி இது?” என்றேன்.

“உன்னப் பாத்துதான்டி வாங்குனேன். காத்துல நீ மட்டும் ஆடாம போவ, எனக்கு வயிறு எரியும். நீ ஏன்டி இதப் போட்டுக்கினு வந்த?”

காற்று என்னைச் சாலையோரம் தள்ள, அவள் முந்திப் போய்விட்டாள்.

இப்போது வீட்டில் கிடக்கும் என் பழைய சக்கரங்களை ஒருத்தி அத்தனை நாள் ஏக்கத்தோடு பார்த்திருக்கிறாள். நான்தான் பார்க்கவே இல்லை.