வசனம் எடுத்துக் கொடுக்கும் அறை

முடிச்சூர் ரோட்டில் இருக்கும் எங்கள் காலனி நாடக அரங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது எல்லோரும் அழுதார்கள். எனக்குள் ஒரு நப்பாசைதான் எழுந்தது. இனி அந்தத் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டாம் அல்லவா?

கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ் நாடகத்திலேயே எனக்கு அந்த இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. கணக்கு டீச்சர், ஞாபகசக்தி அதிகம், கணீர்க் குரல். நடிப்பவர்கள் யாரும் வசனத்தை ஒழுங்காகப் படிக்கமாட்டார்கள். நான் இருக்கிற தைரியம். பக்கத் திரை ஓரத்தில் நின்று வரிக்கு வரி எடுத்துக் கொடுப்பேன். கைதட்டல் அவர்களுக்கு, கொசுக்கடி எனக்கு.

பல வருஷம் பூட்டிக் கிடந்த அரங்கத்தைப் போன வருஷம் புதுப்பித்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் போய் நல்ல கூரை, புதுப் பலகை மேடை, ஏசி. திறப்பு விழா நாடகத்தில் அம்மா வேடம் கேட்டேன். நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நீங்க மேடையேறிட்டா எங்களுக்கு யாரு டீச்சர் எடுத்துக் குடுப்பாங்க?” என்று சிரித்தார் செயலாளர். “உங்களுக்குன்னே தனி ரூம் கட்டியிருக்கோம், வந்து பாருங்க.”

மேடை ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. குஷன் நாற்காலி, சின்ன விளக்கு, வெளிச்சத்தம் உள்ளே வராத கதவு. எனக்கு மூச்சு முட்டியது. “தேங்க்ஸ் சார்” என்றேன்.

ஒத்திகையின்போது ஏசி வேலை செய்யாததால் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். விழாவன்று மூடினார்கள். அம்மாவாக நடித்தவர் பாதி வசனத்தில் விழித்தார். எடுத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. கத்தினேன். அவர் கூண்டையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சத்தம் உள்ளே வராத கதவு, உள்சத்தத்தை மட்டும் வெளியே விடுமா? இதை யோசிக்க எங்கள் கமிட்டியில் ஒரு ஆள் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு மேடைக்கே நடந்தேன். அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மகனாக நடித்தவரைப் பார்த்து மீதி வசனம் முழுவதையும் நானே பேசினேன். கொஞ்சமும் பயமில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் செயலாளர் வீடு தேடி வந்தார். அடுத்த நாடகத்துக்கு வேடம் தரத்தான் வந்திருக்கிறார் என்று காபியில் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டேன்.

“மன்னிச்சுக்கங்க டீச்சர், எங்க தப்புதான்” என்றார். “ரூமுக்குள்ள மைக் வெச்சாச்சு. இனிமே நீங்க எழுந்து வரவே வேணாம்.”