கட்டிப்பால் வாடை

எங்களுக்குக் கல்யாணமான மறு ஆண்டு வாங்கிய பிக்கப் அது. பதினாறு ஆண்டுகள் வீட்டில் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. ஆகவே நாற்பத்தெட்டு வயதில் எனக்கு நிஜமாகவே ஒரு பெண் குழந்தை பிறந்தபோது, மூத்தவனை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது.

முன்னால் ஒரே வரிசை இருக்கை. பின்னால் திறந்த தொட்டி. லூனாஸ் ஊருக்கு வெளியே அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் ரப்பர் தோட்டத்திலிருந்து வாரம் ஒருமுறை அதில் கட்டிப்பால் ஏற்றுவேன். மரத்தில் கட்டிய கோப்பையிலேயே உறைந்துவிடும் ரப்பர் பாலுக்கு அதுதான் பெயர். அதன் வாடையைச் சொல்ல எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சொல் கிடைத்ததில்லை. செத்த எலியைப் புளித்த மோரில் ஊறவைத்தால் ஓரளவு கிட்டே வரும். அந்தத் தண்ணீர் கசிந்து கசிந்து வண்டி முழுக்க ஏறியிருந்தது. என் மூக்கு எப்போதோ பழகிவிட்டது. ஏறுகிறவர்கள் “என்ன வாடை?” என்று கேட்டால் “பால்தான்” என்பேன். இத்தனை ஆண்டுகளும் அந்த ஒரே நகைச்சுவைக்கு நான் மட்டும் தவறாமல் சிரித்து வந்தேன்.

பிரசவத்துக்குப் பிறகு மனைவி கரங்கானில் அவள் அம்மா வீட்டில் பத்தியத்தில் இருந்தாள். நாற்பது நாள் முடிந்து அழைத்துவர வேண்டும். மாமியார் முன்கூட்டியே போன் செய்தார்.

“மாப்பிள்ள, வரும்போது கார்ல வாங்க. அந்த லோரில பச்சப்புள்ளய ஏத்த நான் விடமாட்டேன்.”

“அது லோரி இல்லத்தே, பிக்கப்.”

“பேர மாத்துனா நாத்தம் போயிருமா?”

விற்பதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தேன். என்ஜின் நன்றாக இருக்கிறது, கட்டிப்பால் ஏற்ற வேறு வழியில்லை என்றெல்லாம் காரணம் அடுக்கினேன். உண்மைக் காரணம், கோயில் திருவிழா, சாவு வீடு, வீடு மாற்றுவது எல்லாவற்றுக்கும் ஊரில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிக்கப் இல்லாத என்னை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தேன்.

ஆகவே கழுவினேன். சோப்பு, எலுமிச்சை, காப்பித்தூள். கடைசியில் வாசனைக்காக இருக்கை மேல் ஒரு கட்டு பாண்டான் இலை. குழந்தை இருக்கையை வாங்கி ஜன்னலோரம் பொருத்திப் பார்த்தேன். மனைவி நடுவில் உட்கார வேண்டியிருக்கும். கியர் மாற்றும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கும். வயிற்றில் தையல் போட்டவள். இருந்தாலும் சமாளிக்கலாம் என்றே எனக்குப் பட்டது.

கரங்கானில் அவள் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். கதவைத் திறந்தாள். ஏறவில்லை.

“கழுவுனீங்களா?”

“மூணு தடவ.”

“எதுக்கு?”

“புள்ளைக்குத்தான்,” என்றேன், பெருமையாக.

அவள் குழந்தையின் தலையைத் துண்டால் மூடினாள். “மொத தடவ உண்டாயிருந்தப்ப சொன்னேன். நாறுதுங்க, வயித்தப் பொரட்டுதுன்னு. என்ன சொன்னீங்க?”

மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மசக்கைன்னு சொன்னேன்.”

அந்தக் குழந்தை மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. வாடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவளுக்கும் அது தெரியும். அவள் கேட்டது அதை அல்ல.

“எனக்குன்னு ஒரு வாளி தண்ணி ஊத்தல நீங்க.”

உள்ளே போய்விட்டாள். மாமியார் வந்து வாசல் கேட்டைச் சாத்தினார்.

மறுநாள் கட்டிப்பால் வாங்கும் கடைக்காரருக்குப் போன் செய்து, இனி ஏற்றிவர வண்டி இருக்காது என்றேன்.

“எங்க லோரி வந்து எடுத்துக்கும்லா அண்ணே. எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? நீங்கதான் பிக்கப் இருக்கு, பிக்கப் இருக்குன்னீங்க.”

பிக்கப்பை வாங்க வந்தவர் சுங்கை லாலாங் ஊர்க்காரர். ஒளிக்காமல் வாடையைச் சொன்னேன். தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். “ஒன்னும் தெரியலையே அண்ணே. நானும் கட்டிப்பால்தான் ஏத்துறேன்.” அவர் மனைவியை நினைத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு சின்னக் காரில் போனேன். இந்த முறை ஏறினாள். குழந்தை இருக்கையைப் பின்னால் பொருத்தி, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

“அவதான் தூங்குறாளே. முன்னால வாயேன்.”

“இங்கயே இருக்கேன்.”

வாடகைக் கார்க்காரன் போல ஓட்டினேன். செம்பனை மரங்கள் தாண்டும்போது குழந்தை எதையோ கக்கியது. கார் முழுக்கப் புளிப்பு.

“என்ன வாடை?” என்று கேட்டேன்.

“பால்தான்,” என்றாள். சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டாள்.