மூன்று பூச்சியங்கள்

தெல்தெனிய பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, நான் தட்டச்சு செய்துகொடுக்கும் கடைக்கு ஒருநாள் ஓர் ஆசிரியர் வந்தார். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. காற்சட்டை விளிம்பு நனைந்திருந்தது. கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கணினியைத் தொட்டார். தவணைப் பரீட்சைப் புள்ளிகளை ஒற்றை விரலால் தானே அடித்தார்.

அன்று புள்ளிப் பட்டியலோடு என்னிடம் வந்த ஆறாவது பள்ளிக்கூடம் அது. தலை வலித்தது. புள்ளிகளுக்குக் கீழே எக்செலின் அவரேஜ் சூத்திரத்தைப் போட்டேன். நாற்பத்திரண்டு வந்தது. மூன்று பிள்ளைகளின் பெயருக்கு நேரே பூச்சியம் இருந்தது.

"இவங்க பரீட்சைக்கு வரல்லையா சேர்?"

"ஆறு மாசமா ஸ்கூலுக்கே வர்றதில்ல தங்கச்சி."

"அப்ப கட்டத்த வெறுமையா விடுங்க. அவங்கள அது கணக்குல எடுக்காது."

நானே மூன்றையும் அழித்தேன். சராசரி நாற்பத்தெட்டுக்கு ஏறியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பப் போட்டுடுங்க தங்கச்சி. சராசரி கொறஞ்சாத்தான் மேல இருந்து ஏன்னு கேப்பாங்க. அப்ப இந்த மூணு பேரையும் பத்திச் சொல்லலாம். வெறுமையா விட்டா யாரு கேக்கப் போறா?"

"போன தவணையும் இப்படித்தான் அனுப்பினீங்களா?"

"ஆமா."

"யாரும் கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

மறுபடி கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று பூச்சியங்களையும் அவரே அடித்தார்.

அடுத்த தவணை அவர் வந்தபோது ஐந்து பூச்சியங்கள் இருந்தன. நான் எதையும் அழிக்கவில்லை.